ஆறுகண் மதகும் ஒரு மூங்கில் தூண்டிலும்

மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு திறந்தால், அந்தத் தண்ணீர் திருச்சிப் பக்கம் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அணையில் இருப்பு குறைந்த ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும். ஆனால் தண்ணீர் வரும் வழி மாறுவதில்லை. அகண்ட காவிரியாக வரும் ஆற்றிலிருந்து பேட்டைவாய்த்தலையில் ஒரு பங்கு வலக்கரையில் பிரிந்து உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குள் நுழைகிறது. ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த வாய்க்கால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, திருச்சி நகரத்தின் நடுவே வளைந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. அது நகரத்துக்குள் நுழையும் வாசலில் இருப்பது புத்தூர்.

நான் புத்தூரில் வளர்ந்தவன். பள்ளிக்கூட நாட்களில் வாய்க்காலில் தண்ணீர் இருக்கும் மாதமெல்லாம் என் கையில் தூண்டில் இருந்தது. பிறகு வேலை வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போனது. தூண்டில் என்ற ஒன்று இருந்ததே வெகுகாலம் நினைவில் இல்லை. இந்த ஆவணியில் அக்கா வீட்டில் சேர்ந்தாற்போல் சில நாள் தங்க வாய்த்தபோது, அக்கா மகன் ஒரு பெருநகரக் கடையில் ரீல் வைத்த கார்பன் கழி வாங்கித் தரும்படி கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு மூங்கில் கடைக்குப் போனேன்.

கரையில் உட்கார்ந்து மீன்பிடிக்க வேண்டியவை சொற்பம். பத்தடிக்குக் குறையாத ஒரு மூங்கில் கழி. பச்சையாக இருக்கக்கூடாது, வெட்டி நிழலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். அடி கைக்கு அடங்க வேண்டும், நுனி விரலைவிட மெல்லியதாக இருந்து வளைய வேண்டும். கழியின் நீளத்துக்கே நைலான் நரம்பு, கால் மில்லிமீட்டர் பருமனுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். பத்தாம் நம்பர் முள் சில, கொஞ்சம் பெரிய எட்டாம் நம்பர் சில. (முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறுக்கும், முதல்முறை வாங்குகிறவர்கள் இதில் குழம்புவார்கள்.) பிளந்த ஈயக்குண்டு கொஞ்சம். காந்தி மார்க்கெட் பக்கம் கயிறும் வலையும் விற்கும் கடையில் எல்லாம் கிடைத்தன. மொத்தச் செலவு முந்நூறு ரூபாயைத் தொடவில்லை.

தக்கை மட்டும் கடையில் வாங்கவில்லை. பளபளக்கும் பிளாஸ்டிக் தக்கைகள் இருந்தன. எனக்கு நெட்டிதான் வேண்டும். குளத்தோரம் வளரும் அந்தச் செடியின் வெள்ளைத் தண்டில்தான் தஞ்சாவூரில் கோயில் கோபுரங்களைச் செதுக்குகிறார்கள். அந்த வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுண்டுவிரல் நீள நெட்டித் துண்டு தண்ணீரில் ஏறக்குறைய எடையே இல்லாமல் மிதக்கும். அயிரை மூச்சுவிட்டால்கூட அசையும்.

நரம்பை நுனியில் மட்டும் கட்டி விடக்கூடாது. நுனியில் ஒரு சுற்றுச் சுற்றி, கழியோடு ஒட்டியபடி கீழே இறக்கி, நடுக்கழியில் இன்னொரு முடிச்சுப் போட வேண்டும். பெரிய மீன் சுண்டி நுனி ஒடிந்தாலும் நரம்பு கையோடு இருக்கும். என் சித்தப்பா கற்றுக்கொடுத்தது இது. முடிச்சைப் போடத் தொடங்கியதும் விரல்கள் தாமாகவே மிச்சத்தை முடித்தன.

மூங்கிலை ஏழைகளின் கழி என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிக உயர்ந்த விலைக்குப் போன தூண்டில் கழிகள், மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து ஒட்டிச் செய்தவை. அதற்கான மூங்கில் நம் நாட்டிலிருந்து போனது. ‘கல்கத்தா கேன்’ என்றே அதற்கு அங்கே பெயர். சீனத்து மூங்கில் பின்னால்தான் அந்த இடத்தைப் பிடித்தது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அவரும் அவர் கால அதிகாரிகளும் தேடிப்போனது மாசீர் மீனை. 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மாசீர் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. இன்று காவிரியின் அந்தத் திமில் மாசீர் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக 2018 முதல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெரிய மீனுக்கு ஆசைப்படும் மருமகனிடம் இதைச் சொன்னேன். “அப்போ நம்ம வாய்க்கால்ல என்ன மாமா இருக்கும்?” என்றான். அதைத் தூண்டில்தான் சொல்ல வேண்டும்.

*

புத்தூர் நால்ரோட்டிலிருந்து குழுமணி சாலையில் மேற்கே போனால் ஆறுகண். இங்கே ஒரு நீர்ச்சந்திப்பு இருக்கிறது. தெற்கே இருந்து வரும் கோரையாறு வாய்க்காலோடு கலக்குமிடம் இது. வாய்க்கால் தாங்கும் அளவு போக, மிச்ச வெள்ளம் மதகைத் தாண்டிக் குடமுருட்டியாக வடக்கே ஓடிக் காவிரியில் விழுகிறது. 1977 நவம்பரிலும் 2005லும் இந்தத் தெற்கத்தி வெள்ளந்தான் புத்தூரையும் உறையூரையும் மூழ்கடித்தது. அருகிலேயே குழுமாயி அம்மன் கோயில். மாசியில் குட்டி குடித்தல் திருவிழாவுக்கு ஊர் திரளும் இடம், ஆவணி விடியலில் தவளைச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருந்தது.

கரையில் எங்களுக்கு முன்பே ஒரு பெரியவர் இருந்தார். தோளில் துண்டு, பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் வாளி. எங்கள் கழியை ஒரு பார்வை பார்த்தார்.

“தம்பி, தக்கைய எங்க வச்சிருக்கீங்க?”

“முள்ளுலேர்ந்து ரெண்டு முழம் இருக்கும்ங்கய்யா.”

“இங்க அவ்ளோ தேவையில்ல. அடியில கல்லு கெடக்கு, மாட்டிக்கும். ஒன்றரை முழம் போதும். பையன அந்த மதகுச் சுவருகிட்ட மட்டும் விடாதீங்க, பாசி வழுக்கும்.”

இரைக்கு அக்கா வீட்டுக் கொல்லையில் வாழையடியில் தோண்டிய மண்புழு. கூடவே கோதுமை மாவைப் பிசைந்து அதில் துளிப் பஞ்சு சேர்த்து உருட்டியது. பஞ்சு இருந்தால் மாவு தண்ணீரில் உடனே கரையாது. தூண்டிலை எங்கே வீசுவது என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. மதகுக்குக் கீழே தண்ணீர் கொப்பளிக்கும் இடத்தில் போட்டால் தக்கை நிற்காது. கொப்பளிப்பு முடிந்து, நுரை ஒதுங்கி, நீர் மெல்லச் சுற்றித் திரும்பும் ஓரம் ஒன்று இருக்கும். ஓட்டம் கொண்டுவரும் தீனி அங்கே தங்கும். எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல் மீனும் அங்கே நின்றே தின்னும். வளைவுகளில் வெளிக்கரை ஆழம், உள்கரை மேடு. வயல் வடிகால் வாய்க்காலில் இறங்கும் வாய், கோரைப்புல்லின் நிழல், சாய்ந்த மரத்தின் அடி எல்லாமே நல்ல இடங்கள். ரீல் இருந்தால் நடுவாய்க்கால் தாண்டி வீசத் தோன்றும். பத்தடிக் கழிக்காரன் கரையோரத்தைத்தான் படிக்க வேண்டும். மீன்களில் பெரும்பாலானவை இருப்பதும் கரையோரத்தில்தான்.

தக்கை ஆடும் விதத்தை வைத்தே கடிப்பது எது என்று சொல்லிவிட முடியும். இந்தக் கல்வி எனக்கு எத்தனை ஆண்டு கழித்தும் மறக்கவில்லை என்பதில் உண்டான மகிழ்ச்சியை எப்படி எழுதுவது! ஜிலேபி சின்னச்சின்னதாகக் கொத்தும். தக்கை இருந்த இடத்திலேயே நடுங்கும். அவசரப்பட்டால் வெறும் முள்தான் வரும். கெளுத்தி இரையை வாயில் வாங்கிக்கொண்டு நிதானமாக நகரும். தக்கை சாய்ந்து, ஒரு திசையில் ஊர்ந்து, பிறகு முழுகும். கெண்டை சில நேரம் இரையோடு ஈயக்குண்டையும் சேர்த்து மேலே தூக்கும். தக்கை முழுகாமல், எழும்பித் தண்ணீரின் மேல் படுத்துவிடும். தெரியாதவர்கள் இதைக் கடி என்றே நினைக்க மாட்டார்கள். படுத்த அந்த நொடியில் மணிக்கட்டை மட்டும் சுண்ட வேண்டும். ஆரால் என்றால் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். உடனே தூக்காவிட்டால் நரம்பு அறும்.

மருமகனின் தக்கை நடுங்கியது. “இப்பவா மாமா?” “இல்ல.” “இப்ப?” “பொறு.” தக்கை ஒரு பக்கமாக வெட்டி இறங்கியபோது அவனே தூக்கினான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஜிலேபி, வெயிலில் சாம்பல் பச்சையாக மின்னியது. அவன் கத்தியதில் எதிர்க்கரை மடையான் எழுந்து பறந்தது.

காலை முழுவதும் ஜிலேபியே வந்தது. பிறகு பெரியவரின் கழி வில்லாக வளைந்தது. நீளமான, கருத்த, மீசை வைத்த மீன் ஒன்றைக் கரையேற்றினார். “தேளி” என்றார். நாட்டுத் தேளி இல்லை, ஆப்பிரிக்கத் தேளி. முகத்தில் சந்தோஷம் இல்லை. “முன்னெல்லாம் இங்க சேல்கெண்டை வரும், உளுவை வரும். இப்ப இது ரெண்டுந்தான் தம்பி.”

அவர் சொன்ன அந்த இரண்டு மீன்களும் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. ஜிலேபி இந்தியாவுக்குள் வந்தது 1952இல், மலிவாகப் புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகள் தப்பிப் பெருகிவிடும். ஏரி, குளம், வாய்க்கால் என்று அது நுழையாத இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆப்பிரிக்கத் தேளியை வளர்க்க மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. ஆனால் அது கள்ளத்தனமாகப் பண்ணைக் குட்டைகளில் வளர்ந்து, மழையில் குட்டை உடைந்து ஆற்றுக்குள் போய்விட்டது. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் சாக்கடையிலும் சாகாது.

நம் நாட்டு மீன்களிலும் விராலும் குரவையும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். மற்ற கெண்டைகளுக்கு அந்த வழி இல்லை. தண்ணீரில் கரைந்த உயிர்வளி குறைந்தால் அவை போய்விடும், அல்லது செத்துவிடும். எனவே ஒரு கரையில் எந்த மீன் கடிக்கிறது என்பதை வைத்தே அங்கே தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் காலையில் எங்கள் வாளி சொன்ன செய்தி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மறுநாள் தண்ணீரின் எதிர்த்திசையில் போவது என்று முடிவெடுத்தோம்.

*

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கரூர் சாலையில் போகும் பேருந்தில் மூங்கில் கழியோடு ஏறுவது கொஞ்சம் சிரமம். நடத்துநர் கழியைச் சன்னல் ஓரமாக நீளவாக்கில் வைக்க இடம் காட்டினார். குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் நகரம் உதிர்ந்துவிடும். முத்தரசநல்லூர், ஜீயபுரம், திருப்பராய்த்துறை என்று வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலுமாகவே சாலை போகிறது. அந்தப் பச்சைக்குக் காரணமான வாய்க்கால்கள் கண்ணில் பட்டும் படாமலும் கூடவே வருகின்றன.

பேட்டைவாய்த்தலையில் உய்யக்கொண்டான் தலைமதகுக்குச் சற்றுக் கீழே இறங்கினோம். புத்தூரில் பார்த்த வாய்க்காலா இது! தண்ணீர் கலங்கல்தான், ஆனால் மண்ணின் கலங்கல். முகர்ந்தால் மழை நனைத்த வயலின் வாசம். ஓரத்து மேட்டில் கணுக்கால் ஆழத்தில் மணல் தெரிந்தது. அங்கே அயிரைக் கூட்டம் ஓட்டத்துக்கு எதிராகத் தலைவைத்து நின்றது.

இங்கே தக்கை நடுங்கவில்லை. எழும்பிப் படுத்தது. சுண்டியதும் கழியின் நுனி முதலில் வளைந்தது, பிறகு நடுக்கழி, பிறகு என் முழங்கை வரை அந்த உதறல் வந்தது. ரீல் இல்லாத கழியில் நரம்பை விட்டுக்கொடுக்க முடியாது. மீன் ஓடும் பக்கம் நாமும் கரையில் நடக்க வேண்டும், மூங்கில் வளைந்து வளைந்து அதன் பலத்தைத் தின்னும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளி உடம்பும் செம்மை ஓடிய துடுப்புமாக ஒரு கெண்டை. ஈரக்கையால் பிடித்துப் பார்த்தேன். உலர்ந்த கையால் தொட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய், திருப்பி விட்டாலும் மீன் பிழைக்காமல் போகலாம். மருமகன் அதைத் தன் கையால் ஒருமுறை ஏந்திப் பார்த்துவிட்டு, “வச்சிக்கலாமா, விடலாமா?” என்றான். வைத்துக்கொண்டோம். சாப்பாட்டுக்கு வேண்டிய மட்டும் எடுப்பதில் எனக்குத் தயக்கம் கிடையாது. வயிறு புடைத்த சினை மீனையும், விரல் நீளக் குஞ்சையும் திருப்பி விட்டோம்.

அங்கே வாழைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த விவசாயி ஒருவர், வடிகாலுக்குள் ஓரிடத்தைக் காட்டிக் கூப்பிட்டார். தண்ணீரின் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் புள்ளிகளாக விரால் குஞ்சுகள் திரண்டு கொதித்துக்கொண்டிருந்தன. அடியில் தாயும் தகப்பனும் காவல் நின்றன. அந்த நேரத்தில் தவளைக் குஞ்சைக் கோத்து அவற்றின் முன்னால் போட்டால் காவல் மீன் கண்மூடித்தனமாகப் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். குஞ்சுக் கூட்டம் முழுவதும் அடுத்த சில மணியில் மற்ற மீன்களுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும். விராலுக்கு இருக்கும் விலையைப் பார்க்கையில் இது பெரிய சபலந்தான். “எங்க வயக்காட்டுல யாரும் தொடமாட்டோம்ங்க” என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் ஆற்றில் மீன்பிடிப்பது 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். குத்தகைக்கு விடப்பட்ட ஏரிகளில் தூண்டில் போடுவதற்குக் குத்தகைதாரரின் அனுமதி வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு கரைக்குப் போவது நல்லது. அறுந்த நரம்பைக் கரையில் வீசிவிட்டு வராமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டும். அது மடையானின் காலைச் சுற்றினால் அந்தப் பறவை மீள்வது கடினம்.

*

திரும்பும் வழியில் முக்கொம்பில் இறங்கினோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இந்த மேலணை, ஆர்தர் காட்டனின் திட்டத்தில் 1836 முதல் 1838 வரை கட்டப்பட்டது. 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்து அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன; இப்போது அங்கே புதிய கதவணை நிற்கிறது. மதகுகளைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் எப்போதும் இருப்பதால் நாங்கள் தூண்டிலை அவிழ்க்கவில்லை.

அங்கிருந்து ஸ்ரீரங்கம் போய், அதன் வடகரையில், கொள்ளிடத்தில், மாலை வெயிலில் மணல்மேல் நடந்தோம். வெள்ளம் வடிந்தபின் கொள்ளிடம் தனித்தனி மடுக்களாகப் பிரிந்து கிடக்கும். அவற்றில் தங்கிய மீன்களைத் தேடி ஸ்ரீரங்கத்துப் பையன்கள் தூண்டிலோடு வருவார்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. கரையில் நின்று போடலாம், இறங்கக்கூடாது.

இந்தக் கொள்ளிடத்தில் ஒருகாலத்தில் உல்லம் ஏறிவந்தது. வங்காளத்தில் இலிசு என்று கொண்டாடுகிறார்களே, அதே ஹில்சா. கடலில் வளர்ந்து, புதுவெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன். அணைக்கரையில் 1836இல் எழுந்த கீழணை அதன் பாதையை மறித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை கொள்ளிடத்தில் உல்ல முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் முயற்சியில் இறங்கியது. மீனின் வழியை அடைத்துவிட்டு அதன் முட்டையைத் தட்டில் வைத்துக் காக்கப் பார்த்த அந்த ஊழியர்களின் கவலை உண்மையானது என்றே நினைக்கிறேன். பாசனத்துக்கு அணை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மீன் ஏறும் வழியையும் அணையோடு சேர்த்தே கட்டியிருக்க வேண்டும். இன்று கட்டுகிற தடுப்பணைகளுக்காவது அது பொருந்தும்.

மடுவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையனிடம் என்ன கிடைத்தது என்று மருமகன் கேட்டான். பாலித்தீன் பையைத் திறந்து காட்டினான்: இரண்டு கெளுத்தி, ஒரு குரவை, ஜிலேபி கொஞ்சம். அதோடு உடம்பெல்லாம் செதிள்தகடு மூடிய, கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யக் கடைகளில் விற்கும் அந்த மீன் ஒன்று. யாரோ வளர்த்து அலுத்து ஆற்றில் விட்டதன் வாரிசு. “இதை யாரும் திங்க மாட்டாங்கண்ணா” என்றான் அவன். “ஆத்துல திருப்பிப் போடாதே” என்று மருமகனே பதில் சொன்னான்.

*

அக்கா இரண்டு நாள் மீனையும் தனித்தனியே குழம்பு வைத்தாள். உறையூர் காசிவிளங்கி மார்க்கெட்டில் மீன் வாங்கியே பழகியவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் சட்டியில் போட மாட்டாள். ஆறுகண்ணில் பிடித்ததை எவ்வளவு கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசியும் சேற்று வாடை போகவில்லை. பேட்டைவாய்த்தலைக் கெண்டை புளிக்குழம்பில் முள்ளோடு சேர்ந்தே ருசித்தது. நகரத்துக் கழிவுநீர் வாய்க்காலில் விழும் இடங்களை அக்கா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினாள். புத்தூரிலிருந்து பாலக்கரை வரை நடந்தால் மூக்கே கணக்குச் சொல்லிவிடும் என்றாள். கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கழிவுநீரை மறிக்கும் வேலை முடிந்தால் அந்த நடைபாதைக்கு அர்த்தம் வரும்.

“அங்கேருந்து தண்ணி நல்லாத்தானே வருது. வர்ற தண்ணிய நாமதான் கெடுக்குறோம்” என்றாள் அக்கா. “இங்க புடிச்சத இனிமே வீட்டுக்குக் கொண்டாராதே. பேட்டவாத்தல போனா கொண்டா.”

“அடுத்த சனிக்கெழம போலாமா மாமா?” என்றான் மருமகன்.

“அடுத்த வாரம் புரட்டாசிடா. இந்த வீட்ல மீன் சட்டியே எறங்காது.” அக்கா சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். “ஐப்பசி பொறக்கட்டும். தீபாவளி லீவுக்கு மாமாவ வரச் சொல்லு.”